வானில் கண்டதும் ஏட்டில் எழுதியதும்
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



ஒரு கிராமத்தில் அடிதடி நடந்தால், பார்த்தவர் பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்வது வழக்கம். அதனால் அவர்கள் எல்லோரும் பொய்யர் என்று கொள்ளலாகாது. ஒருவர் நின்ற இடம் வேறு, மற்றொருவர் வந்து சேர்ந்த நேரம் வேறு. மூன்றாமவர் தம் தலைக்கு மேல் ஓங்கிய கம்பை மட்டுமே பார்த்தார். பக்கத்தில் நடந்ததை அவர் அறியார். தரையில் நின்று பார்த்தவர்க்கே இப்படியென்றால், இருபதினாயிரம் அடி உயரத்தில், மணிக்கு முந்நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்துகொண்டே சண்டையிட்டவர்களுடைய ஞாபகம் எவ்வாறு இருந்திருக்கும்? அந்த ஞாபகங்களிலிருந்து கணக்கு எப்படி எடுக்கப்பட்டது? கணக்கை உள்ளபடி வைத்தவர் அடைந்த நன்மை என்ன, விருப்பப்படி வைத்தவர் அடைந்த தீங்கு என்ன? ஏடும் பேனாவும் பிடித்துப் பிறர் பணத்தைப் பாதுகாக்கும் சங்கத்தார் யாவரும் இதனை அறிவது நலம்.

இங்கே சொல்லப்படும் சண்டை 1940-ஆம் வருஷம் இங்கிலாந்தின் ஆகாயத்தில் நடந்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பிரான்சு தேசம் ஜெர்மனிக்குப் பணிந்துவிட்டது. கடலைத் தாண்டி இங்கிலாந்தின்மேல் படை இறக்க வேண்டுமானால் முதலில் அதன் ஆகாயப்படையை அழித்தாக வேண்டும் என்று ஜெர்மானியர் கருதினர். ஜூலை 10-ஆம் தேதியிலிருந்து அக்டோபர் 31-ஆம் தேதி வரையில் நடந்த இச்சண்டையை 'பிரிட்டன் யுத்தம்' என்று சரித்திரக்காரர் குறிப்பிடுவர். பிரிட்டிஷ் பக்கத்தில் 'ஹரிக்கேன்', 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஒற்றை ஆசன விமானங்களும், ஜெர்மன் பக்கத்தில் 'மெஸ்ஸர்ஷ்மிட்' என்னும் சண்டை விமானங்களும், அவற்றின் காவலில் வந்த குண்டுவீச்சு விமானங்களும் மோதின. பிரிட்டிஷ் பக்கத்தில் ஏறக்குறைய மூவாயிரம் விமானிகள் பறந்தனர். அவர்களுள் நியூஜீலாந்தரும், கனடியரும், தாய்நாட்டை இழந்து வந்த போலந்துக்காரரும், செக்கோஸ்லோவாகியரும் இருந்தனர். ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர் அச்சண்டையிலேயே மாண்டனர். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

தப்பிப் பிழைத்தவர்களுள் பலர் தம் அனுபவங்களைப் பின்னாளில் எழுதியிருக்கின்றனர். அவற்றில் முதலாவதாகக் காண்பது காத்திருத்தலின் துன்பம். விமானத் தளத்தின் ஓரத்தில், புல்தரையில் நாற்காலியைப் போட்டு, பறப்பதற்குரிய உடையுடன் விடியற்காலையிலிருந்தே அவர்கள் காத்திருப்பர். சிலர் சீட்டாடுவர், சிலர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்வர். குடிசையில் உள்ள டெலிபோன் மணி அடித்ததும் அனைவருடைய வயிறும் கலங்கும். சில வேளைகளில் அது தேநீர் எப்பொழுது வரும் என்னும் அற்பச் செய்தியாக இருக்கும். சில வேளைகளில் புறப்படும் உத்தரவாக இருக்கும். உத்தரவு வந்து ஓடத் தொடங்கியபின் பயம் குறைந்ததென்றும், மணி அடிக்குமோ அடிக்காதோ என்று இருந்த நேரமே கொடியதென்றும் பலர் ஒரே குரலாகச் சொல்லியிருக்கின்றனர். யுத்தம் முடிந்து பல வருஷங்கள் ஆனபின்பும், டெலிபோன் மணி கேட்டால் உள்ளம் திடுக்கிட்டவர் உண்டு.

இரண்டாவதாக எல்லோரும் கூறுவது ஒரு விந்தை. ஒரு நொடியில் வானம் முழுவதும் விமானங்களாக இருக்கும்; முன்னும் பின்னும் மேலும் கீழும் சுழலும். ஒரு திருப்பம் திரும்பி நிமிர்ந்து பார்த்தால் வானம் வெறிச்சென்று கிடக்கும். ஒரு விமானமும் கண்ணுக்குத் தென்படாது. அவ்வளவு விரைவில் ஒருவரையொருவர் மைல் கணக்கில் விட்டுப் பிரிந்துவிடுவர். ஹரிக்கேனிலும் ஸ்பிட்ஃபயரிலும் இருந்த எட்டு யந்திரத் துப்பாக்கிகளில் விடாமல் சுட்டால் பதினைந்து விநாடிக்குள் தோட்டா தீர்ந்துவிடும். எதிரியைக் குறியில் நிறுத்திச் சுடுவது இரண்டு மூன்று விநாடியே. சுட்டபின் எதிரி வீழ்ந்தானா என்று பின்தொடர்ந்து பார்க்க நின்றவன், தன் பின்னே வருபவனுக்கு இரையாவான். ஆதலால், புகை கண்டேன், சாய்ந்ததைக் கண்டேன், மேகத்துள் மறைந்ததைக் கண்டேன் என்பதற்கு மேல் நிச்சயமாகச் சொல்லத்தக்கவர் சிலரே.

ரிச்சர்டு ஹில்லரி என்னும் இளைஞரின் அனுபவம் இதற்குச் சான்று. 1940 செப்டம்பர் 3-ஆம் தேதி அவர் ஓர் எதிரி விமானத்தைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அவருடைய விமானம் சுடப்பட்டுத் தீப்பற்றியது. தம்மைச் சுட்டவனை அவர் காணவே இல்லை. முகமும் கைகளும் வெந்து, பாரஷூட்டுடன் கடலில் வீழ்ந்து, நெடுநேரம் மிதந்தபின் உயிர்காப்புப் படகினர் அவரை மீட்டனர். மக்கிண்டோ என்னும் பெயர்பெற்ற ரணசிகிச்சை வைத்தியர் அவருக்குப் புதிய இமைகளை அமைத்தார். 1942-இல் அவர் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். மறுபடியும் பறக்கச் சென்று 1943 ஜனவரியில் விபத்தில் மாண்டார்.

ஆலன் டீர் என்னும் நியூஜீலாந்தர் ஜூலை 9-ஆம் தேதி ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டை நேருக்கு நேர் எதிர்கொண்டார். இருவரும் விலகவில்லை, விமானங்கள் உராய்ந்து மோதின. யந்திரம் நின்று, புகை சூழ, கண்ணாடி மூடி திறவாமல் சிக்கிக்கொள்ள, அவர் ஒரு வயலில் விமானத்தை இறக்கி, கையால் அதை உடைத்து வெளியேறினார். பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து வந்த ஒரு மாது அவரைத் தேநீர் அருந்த அழைத்தாளாம். இவ்வாறு பலமுறை மரணத்திலிருந்து தப்பியவர் அவர். தம் சரித்திரத்தை 1959-இல் எழுதியபோது, ஒன்பது உயிர் என்றே அதற்குப் பெயரிட்டார். ஜெஃப்ரி வெல்லம் என்பவர் பதினெட்டு வயதில் தம் பிரிவில் சேர்ந்தவர். அவருடைய புத்தகம் 2002-இல்தான் வெளிவந்தது. அறுபது வருஷங்களுக்குப் பின்னும் அன்றைய விடியற்காலைப் பனியின் ஈரம் அவர் ஞாபகத்தில் உலரவில்லை.

இவர்கள் வீரர்கள், உயிரைப் பணயம் வைத்தவர்கள், பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். இருப்பினும் இவர்களுடைய வாய்மொழியை அப்படியே கூட்டிப் பார்த்தால் கணக்குத் தவறியது. அதற்குக் காரணம் யாது?

செப்டம்பர் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, லண்டன் நகரத்தின்மேல் பெருந்திரளாக எதிரி விமானங்கள் இருமுறை வந்தன. அன்று 'டோர்னியர்' என்னும் ஒரு குண்டுவீச்சு விமானம் தன் கூட்டத்தைவிட்டுப் பின்தங்கி, நகரத்தின் மேல் தனியே வந்தது. அதைக் கண்ட பல விமானிகள் ஒருவர்பின் ஒருவராக அதன்மேல் பாய்ந்து சுட்டனர். கடைசியில் ரே ஹோம்ஸ் என்னும் சார்ஜெண்டு, துப்பாக்கியில் தோட்டா தீர்ந்துவிட்டபடியால், தம் ஹரிக்கேனைக் கொண்டே அதன் வாலை மோதினார். டோர்னியர் இரண்டாக முறிந்து விக்டோரியா ரயில் நிலையத்தின் முகப்பில் வீழ்ந்தது. ஹோம்ஸ் பாரஷூட்டால் தப்பினார். அவருடைய விமானம் பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையில் புதைந்தது. அதன் யந்திரத்தை 2004-இல் தோண்டி எடுத்தபோது, முதியவராகிய ஹோம்ஸும் அங்கிருந்து பார்த்தார்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். அந்த டோர்னியரைச் சுட்டவர் பலர். ஒவ்வொருவரும் தம் குண்டு பட்டதைக் கண்டனர்; புகையைக் கண்டனர்; திரும்பிவிட்டனர். மற்றவர் சுட்டதை அவர் அறியார். எல்லோரும் தளத்திற்குத் திரும்பி 'ஒன்று வீழ்த்தினேன்' என்று சொன்னால், சொன்னது யாவும் மெய். கூட்டியது மட்டும் பொய். ரயில் நிலையத்தில் வீழ்ந்ததோ ஒரே விமானம். ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டிய நால்வரும் தலைக்கு ஒரு மாடு என்று எழுதிக்கொண்டால் தொழுவத்தில் மாடு நான்காகுமா?

அன்று மாலை இங்கிலாந்தில் வெளியிட்ட எண்ணிக்கை 185 எதிரி விமானங்கள் வீழ்த்தப்பட்டன என்பது. மக்கள் மகிழ்ந்தனர். யுத்தம் முடிந்தபின் ஜெர்மானியருடைய சொந்தத் தஸ்தாவேஜுகள் கைப்பற்றப்பட்டு ஆராயப்பட்டன. அவற்றில் கண்ட உண்மை நஷ்டம் அறுபதை ஒட்டியதே. பிரிட்டிஷார் இழந்தவை சுமார் முப்பது. யுத்தம் முழுவதற்கும் பார்த்தால், பிரிட்டிஷார் வீழ்த்தியதாகச் சொன்னது ஏறக்குறைய 2,700. யுத்தத்திற்குப்பின் ஒப்பிட்டு வெளியிட்ட எண் 1,733. ஜெர்மானியர் வீழ்த்தியதாகச் சொன்னது மூவாயிரத்துக்கு மேல். பிரிட்டிஷ் சண்டை விமானப்படை உண்மையில் இழந்தது 915. ஆகவே, இரு கட்சியாரும் மிகைப்படுத்தினர். மிகை அதிகமாக இருந்தது ஜெர்மன் பக்கத்தில்.

ஆனால் இரு கட்சியாரும் தவறியிருக்க, ஒருவர் பிழைத்ததும் ஒருவர் தோற்றதும் ஏன் என்று கேட்கலாம். வேறு காரணங்கள் பல உண்டு. ராடார் கோபுரங்களும், வானத்தை நோக்கியிருந்த முப்பதினாயிரம் தொண்டர்களும், தொழிற்சாலைகளின் உழைப்பும், ஜெர்மன் சண்டை விமானங்கள் லண்டன்மேல் சில நிமிஷங்களுக்கு மேல் தங்கப் பெட்ரோல் இல்லாமையும் அவற்றுள் முக்கியமானவை. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு காரணம், கணக்கை எதற்குப் பயன்படுத்தினர் என்பது.

பிரிட்டிஷ் தளத்தில் விமானி இறங்கியவுடன், கால் தரையில் பட்ட சூட்டிலேயே, தகவல் அதிகாரி ஒருவர் நமுனாவுடன் வந்து நிற்பார். எந்த நேரம், எந்த இடம், எத்தனை அடி உயரம், எத்தனை கெஜ தூரத்தில் சுட்டது, என்ன கண்டது என்று கேட்டு எழுதி விமானியின் கையொப்பம் வாங்குவார். எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் எழுதமாட்டார். அழிந்தது நிச்சயம், அழிந்திருக்கலாம், சேதமுற்றது என்று மூன்று பத்திகள் உண்டு. தரையில் வீழ்ந்ததையோ தீப்பற்றியதையோ காணாமல் முதல் பத்தியில் எழுத இடமில்லை. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் தவறு புகுந்தது என்றால், இந்த ஜாக்கிரதையும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

மேலும், சண்டை விமானப் படைக்குத் தலைவராயிருந்த டௌடிங் என்பவர், எதிரியை எத்தனை வீழ்த்தினோம் என்னும் எண்ணை நம்பிக் காரியம் நடத்தவில்லை. தம்மிடம் மீந்திருக்கும் விமானம் எத்தனை, பறக்கத்தக்க விமானி எத்தனை என்பதையே நாள்தோறும் எண்ணிவந்தார். அமெரிக்கப் பத்திரிகைக்காரர் எண்ணிக்கையைச் சந்தேகித்தபோது, ஜெர்மானியர் சொல்லும் கணக்கு மெய்யானால் அவர்கள் ஒரு வாரத்தில் லண்டனில் இருப்பார்கள் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். செப்டம்பர் 15-ஆம் தேதி பிரதம மந்திரி சர்ச்சில், தென்கிழக்குப் பகுதியின் தலைமை நிலையத்திற்கு வந்திருந்தார். அங்கே சுவரில் ஒவ்வொரு பிரிவின் நிலைமையையும் காட்டும் விளக்குகள் எரிந்தன. மீதிப்படை எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று தளபதி பார்க் ஒளிக்காமல் சொன்னார். இருப்பு இல்லை என்பதை இருப்பு இல்லை என்றே காட்டும் கணக்கு அது. கசப்பான எண்ணாயினும், அதைக் கொண்டு அடுத்த அடியைத் தீர்மானிக்கக் கூடும்.

ஜெர்மன் பக்கத்தில் நடந்தது வேறு. விமானிகள் சொன்ன வெற்றிகளைக் கூட்டி, பிரிட்டிஷார் வைத்திருந்ததாக ஊகித்த தொகையிலிருந்து கழித்து, மீதி இவ்வளவே என்று அவர்களுடைய உளவுப் பிரிவினர் எழுதினர். ஆகஸ்டு மாத மத்தியில் பறக்கத்தக்க சண்டை விமானங்கள் சுமார் 300 தான் பிரிட்டனிடம் உண்டு என்றனர். உண்மையில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தன. தொழிற்சாலைகள் மாதந்தோறும் செய்து கொடுத்த புது விமானங்களை அவர்கள் குறைவாகவே மதித்தனர். மேலதிகாரிக்கு இனிக்கும் எண்ணை எழுதுவது எளிது. கசக்கும் எண்ணை எழுதத் தைரியம் வேண்டும். எதிரி முடிந்துவிட்டான் என்னும் நம்பிக்கையும் சேர்ந்து, செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் விமானத் தளங்களைத் தாக்குவதை விட்டு லண்டன் நகரத்தைத் தாக்கத் தொடங்கினர். நகரத்து ஜனங்கள் பெருந்துன்பம் அடைந்தனர். ஆனால் களைத்துப்போன விமானத் தளங்கள் மூச்சுவிட அவகாசம் பெற்றன. எதிரியிடம் மிஞ்சியவை கடைசி ஐம்பது ஸ்பிட்ஃபயர்களே என்று கேட்டுவந்த ஜெர்மன் விமானிகள், 15-ஆம் தேதி தம்மை நோக்கி நூற்றுக்கணக்கில் வந்த விமானங்களைக் கண்டபோது, 'இதோ அந்தக் கடைசி ஐம்பது' என்று கசப்புடன் பேசிக்கொண்டதை அவர்களுடைய நினைவுகள் கூறுகின்றன. ஏட்டில் செத்தவன் வானில் எழுந்து வந்தான். செப்டம்பர் 17-ஆம் தேதி, இங்கிலாந்தில் படை இறக்கும் திட்டத்தை ஹிட்லர் ஒத்திவைத்தார்.

தமிழ்நாட்டின் பெயரோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் இங்கே உண்டு. யுத்த காலத்தில் சென்னை மாகாணம் நிதி திரட்டி உதவியதை முன்னிட்டு, பிரிட்டிஷ் ஆகாயப்படையின் 79-ஆம் பிரிவும் 264-ஆம் பிரிவும் 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கின. இவற்றுள் 264-ஆம் பிரிவினர் 'டிஃபையண்ட்' என்னும் இரட்டை ஆசன விமானத்தில் பறந்தனர். அதில் துப்பாக்கிகள் விமானிக்குப் பின்னே ஒரு சுழலும் கூண்டில் இருந்தன. முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி விமானியிடம் இல்லை. 1940 மே 29-ஆம் தேதி டன்கர்க் கரைமேல் அவர்கள் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதப்பட்டது. பின்னர் ஜெர்மன் தஸ்தாவேஜுகளைப் பார்த்தபோது உண்மை அதைவிட மிகக் குறைவென்று தெரிந்தது. ஒரே விமானத்தைச் சுட்ட பல துப்பாக்கிக்காரரும் தனித்தனியே எண்ணியதே காரணம். அப்பெரிய எண் அவ்விமானத்தின் குறையை மறைக்கும் திரையாயிற்று. எதிரிகளோ அதன் குறையை அறிந்துகொண்டனர். முன்புறத்திலிருந்தும் அடியிலிருந்தும் தாக்கினர். ஆகஸ்டு மாத இறுதியில் சில நாட்களுக்குள் அப்பிரிவு தன் தலைவர் ஹண்டர் உட்படப் பலரை இழந்து, பகற்சண்டையிலிருந்து விலக்கப்பட்டது. மிகை எண்ணுக்கு விலை கொடுத்தவர் அந்த இளைஞர்களே.

அங்கத்தினர்களே, இக்கதை சங்கத்திற்கு எவ்வகையில் பொருந்தும் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தருவேன் என்று கடன்காரர் மனமாரச் சொல்லுகிறார். மழை பெய்யும், நெல் விளையும், விலை ஏறும் என்று அவர் நம்புகிறார்; அவர் பொய்யர் அல்லர். அந்தச் சொல்லை வசூல் என்று ஏட்டில் எழுதுவதே பொய். தவணை தவறிய பாக்கியைப் புதுப் பத்திரம் எழுதி வாங்கிப் பழைய கடன் தீர்ந்ததாகக் காட்டும் சங்கம், கடைசி ஐம்பது விமானம் என்று எழுதிய உளவுப் பிரிவுக்கு ஒப்பாகும். வருஷ முடிவில் லாபம் கண்டு மகிழலாம். ஒருநாள் வைப்புத்தொகைக்காரர் எல்லோரும் தம் பணத்தைக் கேட்டு வாசலில் நிற்பர். ஏட்டில் இருந்த பணம் பெட்டியில் இராது. அன்று நஷ்டப்படுபவர் கணக்கை எழுதிய காரியதரிசி மட்டும் அல்லர். மகள் கல்யாணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த கைம்பெண்ணும், விதை வாங்க வைத்திருந்த குடியானவனுமே.

ஆகையால் மூன்று பழக்கங்கள் வேண்டும். முதலாவது, நடந்ததை நடந்த அன்றே எழுதுதல். விமானியின் வாய்மொழியை இறங்கிய இடத்திலேயே வாங்கியதுபோல், ரொக்கம் கை மாறிய அன்றைக்கே ரசீது எழுதித் தினசரிப் புத்தகத்தில் பதிய வேண்டும். நாளைக்கு என்று வைத்தால், ஞாபகம் தனக்குப் பிரியமானதைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது, பத்தியைப் பிரித்து எழுதுதல். வசூலானது ஒன்று, வரத்தக்கது ஒன்று, சந்தேகமானது ஒன்று. மூன்றையும் கலந்து எழுதுவது ஒருவருக்கும் உபகாரம் ஆகாது. மூன்றாவது, ஒருவருடைய ஏட்டை மற்றவருடைய ஏட்டுடன் ஒப்பிடுதல். பேரேட்டில் உள்ள பாக்கியை அங்கத்தினருடைய பாஸ் புத்தகத்தோடு நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும். ஆடிட் செய்ய வருபவரை விரோதியாக நினைக்கலாகாது. யுத்தம் முடிந்தபின் எதிரியின் ஏடு காட்டிய உண்மையை, காலம் தவறுமுன் காட்ட வருபவர் அவர்.

இதனால் விமானிகளின் நினைவுகள் வீணானவை என்று எண்ண வேண்டாம். எத்தனை விமானம் வீழ்ந்தது என்பதை ஏடு சொல்லும். காலையில் எதிரில் இருந்து உண்டவன் மாலையில் வாராமற்போக, அவனுடைய நாற்காலியைப் பார்க்க மாட்டாமல் தலைகுனிந்து உண்டவர் மனத்தை எந்த ஏடும் சொல்லாது. அதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். ஞாபகம் மனிதனைக் காட்டும்; கணக்கு நிலைமையைக் காட்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றினிடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

ரே ஹோம்ஸை அரண்மனையைக் காத்த வீரர் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அவர் மோதுமுன்னரே அந்த டோர்னியர் பலருடைய குண்டுகளால் சிதைந்திருந்ததென்று பின்னர் ஆராய்ந்தோர் காட்டினர். அதனால் அவருடைய தீரம் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. பெயர் வெளிவராத மற்றவர் பங்கும் அதனோடு கணக்கில் ஏறியது. உண்மைக் கணக்கு ஒருவரையும் தாழ்த்துவதில்லை. எல்லோருக்கும் உரியதை அவரவர்க்குக் கொடுக்கிறது. ஐக்கியம் என்னும் சொல்லுக்கும் பொருள் அதுவே. இச்சங்கத்தின் ஏடுகள் அவ்வண்ணமே விளங்குக.